குடியை நிறுத்த விரும்பும் தொழிலாளி எந்தக் கதவைத் தட்டுவது?

(தொழிற்சங்க முன்னணி ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த வகுப்பின் மற்ற அமர்வுகளில் ஊதியம், ஒப்பந்த முறை, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் ஆகியவற்றை விவாதித்திருக்கிறீர்கள். அவற்றோடு ஒப்பிடுகையில் இந்த அமர்வின் பொருள் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நமது உறுப்பினர்களின் வீடுகளுக்குள் சென்று பார்த்தவர்கள் அவ்வாறு கருத மாட்டார்கள்.

ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர், ஒருநாள் காலை தெளிந்த நிலையில் வந்து, "தோழர், குடியை விட வேண்டும், என்னால் முடியவில்லை, எங்கே போவது?" என்று கேட்கிறார். அவருக்கு உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? மதுக்கடைகளை மூடு என்ற முழக்கம் நம்மிடம் உள்ளது. அது நியாயமான முழக்கம். ஆயினும் அன்று மாலை ஆறு மணிக்கு அவர் எங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை அந்த முழக்கம் சொல்லாது. மதுக்கடையின் முகவரி அவருக்குத் தெரியும். அதற்கு மாற்றான ஒரு முகவரியை நாம் அவருக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த முகவரியைப் பற்றியதுதான் இந்த உரை.

38 பேரில் ஒருவர்

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் போதைச் சிகிச்சை மையம் நடத்திய தேசிய ஆய்வின் அறிக்கை 2019ஆம் ஆண்டு வெளியானது. அனைத்து மாநிலங்களிலும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் விவரம் திரட்டப்பட்டது. 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 14.6 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர். ஆண்களில் இது 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். மதுவால் தீங்குற்றோ, மதுவைச் சார்ந்தோ வாழ்ந்து சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் நிலையில் இருப்போர் 5.7 கோடி. அவர்களுள் மதுவைச் சார்ந்தே வாழும் நிலையை அடைந்துவிட்டோர், நாம் குடிநோயாளிகள் என்று சொல்பவர்கள், 2.9 கோடி.

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு. குடிநோயாளிகளில் 38 பேரில் ஒருவருக்கு மட்டுமே ஏதேனும் ஒரு வகையான சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். எஞ்சிய 37 பேருக்கு மன உறுதி இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர்கள் தட்டுவதற்குக் கதவு இல்லை. இருந்த கதவும் அவர்களுக்குக் காட்டப்படவில்லை.

மறுபுறம் அரசுகளின் கணக்கைப் பாருங்கள். மனிதர் அருந்தும் மது சரக்கு மற்றும் சேவை வரிக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. மாநிலங்கள் தம் விருப்பப்படி வரி விதிக்கக்கூடிய ஒருசில பொருள்களில் அதுவும் ஒன்று. மதுவிலக்கு இல்லாத பெரும்பாலான மாநிலங்களுக்குக் கலால் வருவாய் ஒரு தூணாகவே மாறிவிட்டது. அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கிச் செல்லுமாறு அரசுக்கு வழிகாட்டுகிறது. நிதிநிலை அறிக்கையோ எதிர்த்திசையில் செல்கிறது. விற்பனையிலிருந்து வரும் பணம் ஒவ்வொரு மாதமும் துல்லியமாகக் கணக்கிடப்படுகிறது. குடிநோயாளிக்கான படுக்கைகள் எத்தனை, ஆலோசகர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் எளிதில் கிடைப்பதில்லை.

நோயா, ஒழுக்கக்கேடா?

நம்மிடையே கூட இந்தக் கேள்விக்கு இருவேறு பதில்கள் உள்ளன. சங்கக் கூட்டத்துக்குக் குடித்துவிட்டு வருபவரைக் கண்டிக்கிறோம். தேவைப்பட்டால் பொறுப்பிலிருந்து நீக்குகிறோம். அமைப்புக்கு ஒழுங்கு தேவை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கண்டனம் சிகிச்சை ஆகாது.

இங்கிலாந்துத் தொழிலாளர் வாழ்வைப் பற்றி 1845ஆம் ஆண்டில் எழுதிய எங்கெல்ஸ், குடியைத் தனிமனிதர்களின் கெட்ட குணமாகக் காட்டவில்லை. நீண்ட உழைப்பு, காற்றோட்டமற்ற குடியிருப்பு, நாளையைப் பற்றிய உறுதியின்மை ஆகியவை மனிதனை மதுக்கடைக்குத் தள்ளுகின்றன என்று அந்த வாழ்நிலையிலிருந்தே அதை விளக்கினார். சுரங்கத்திலும், செங்கல் சூளையிலும், தேயிலைத் தோட்டத்திலும், துப்புரவுப் பணியிலும் உடல் வலியையும் நாற்றத்தையும் மறக்கக் குடிக்கிறோம் என்று தொழிலாளர்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உழைப்புக்குக் கூலியாக மதுவையே கொடுக்கும் வழக்கமும் உலகில் இருந்தது. அதனால்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, கடும் போதை தரும் மதுவை எந்தச் சூழ்நிலையிலும் ஊதியமாக வழங்கக் கூடாது என்று தனியே எழுத வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். குடிக்கத் தொடங்கியதற்கு வாழ்நிலை காரணமாக இருக்கலாம். குடிநோய் வேரூன்றிய பிறகு, வாழ்நிலை மேம்பட்டால் மட்டும் அது தானாக நீங்கிவிடுவதில்லை. மூளையும் உடலும் மதுவுக்குப் பழகிவிட்ட நிலையில் அது தனக்கென ஓர் இயக்கம் கொண்ட நோயாகிவிடுகிறது. ஊதிய உயர்வு ஒப்பந்தம் கையெழுத்தான மாதத்தில் சில குடும்பங்களுக்குத் துயரம் அதிகரித்ததைச் சங்க அனுபவம் உள்ளவர்கள் அறிவார்கள். சமூகக் காரணத்தை ஏற்பவர்கள் நோயை மறுக்க வேண்டியதில்லை. நோயை ஏற்பவர்கள் சமூகக் காரணத்தை மறக்க வேண்டியதில்லை. சட்டமும் இதை ஏற்றிருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறை, மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்பதற்குள் சேர்த்திருக்கிறது. அரசின் செலவில் நடக்கும் மனநலச் சேவைகளைப் பெறுவது அந்தச் சட்டத்தின்படி உரிமை. யாருடைய கருணையும் அல்ல.

முதல் கதவு: மருத்துவமனை

முகவரி தேடுவதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளாக நாள்தோறும், குறிப்பாகக் காலையிலிருந்தே, குடித்து வருபவர் மருத்துவ மேற்பார்வையின்றித் திடீரென நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாகலாம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று அது தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். அதன் பிறகு, மூன்றாம் நான்காம் நாளில், நேரமும் இடமும் தெரியாத குழப்பமும், இல்லாதவற்றைக் காணும் மனப்பிறழ்வும் தோன்றக்கூடும். உடனடியாகச் சிகிச்சை அளிக்காவிட்டால் மரணமும் நேரும். "வீட்டில் போட்டுப் பூட்டுங்கள், நான்கு நாளில் சரியாகிவிடும்" என்ற அறிவுரையை எந்தச் சங்க ஊழியரும் கொடுக்கக் கூடாது.

எனவே முதல் கதவு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநல மருத்துவர். நஞ்சு நீக்கும் இந்தக் கட்டம் பொதுவாகச் சில நாட்களில் முடிந்துவிடும். விடுபட விரும்புவோருக்கு உதவும் மருந்துகளும் உண்டு. ஆனால் "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் செய்து விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் நம்ப வேண்டாம். குடித்தால் உடல் ஏற்காதவாறு செய்யும் டைசல்ஃபிராம் என்ற மருந்தை, அவர் அறியாமல் கொடுத்து, அவர் அதன்மேல் குடித்தால் இதயமே பாதிக்கப்படலாம்.

தனியார் மறுவாழ்வு மையங்களைப் பற்றியும் ஒரு சொல். நல்ல மையங்கள் இருக்கின்றன. புனேயில் மருத்துவர் சுனந்தா அவசட்டும் எழுத்தாளர் அனில் அவசட்டும் 1986இல் தொடங்கிய முக்தாங்கண் அவற்றில் ஒன்று. சென்னையின் டி.டி.கே. மருத்துவமனை, நோயாளி நகரத்துக்கு வர வேண்டும் என்று காத்திருக்காமல், 1989இல் மஞ்சக்குடி கிராமத்துக்கே சென்று முகாம் நடத்தியது. ஆனால் கட்டிப்போடுவது, அடிப்பது, குடும்பத்தைப் பார்க்க விடாமல் மாதக்கணக்கில் அடைத்துப் பணம் பறிப்பது என்று இயங்கும் இடங்களும் உள்ளன. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். யாரையும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது. பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்த்த பிறகே உறுப்பினரை அனுப்புங்கள்.

இரண்டாவது கதவு: கூட்டம்

மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர் அதே தெருவுக்கு, அதே நண்பர்களிடம், அதே கடன்களுக்குத் திரும்புகிறார். முதல் சில மாதங்கள் மிகக் கடினமானவை. அந்த மாதங்களில் அவரைத் தாங்கும் ஏற்பாடுகளில் மிக எளியதும் செலவில்லாததும், குடியிலிருந்து மீண்டவர்களும் மீள முயல்பவர்களும் ஒருவருக்கொருவர் துணையாக அமரும் கூட்டம்.

இத்தகைய கூட்டங்களில் மிகப் பரவலானது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அதன் தொடக்கமே ஒரு தேடல்தான். 1935ஆம் ஆண்டு, பெருமந்தத்தின் நடுவே, பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச் சந்தைக்காரர் ஒரு தொழில் பேரத்துக்காக ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குச் சென்றார். பேரம் முறிந்தது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த அவர், தங்கியிருந்த விடுதியின் மதுக்கூடத்துக்குள் மறுபடியும் நுழைந்துவிடுவோமோ என்று அஞ்சினார். விடுதியின் கூடத்திலிருந்த தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தார். தன்னைப்போல் குடியால் துன்புறும் ஒருவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். அந்தச் சங்கிலி அவரை பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் கொண்டு சேர்த்தது. இருவரும் பேசினர். மருத்துவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10 அந்த இயக்கத்தின் பிறந்த நாளாயிற்று. ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் பேசும்போது இருவருமே தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதே அவர்கள் கண்டறிந்தது. இந்தியாவில் இது 1957இல் பம்பாயில் வேர்கொண்டது. இன்று தமிழ், மலையாளம், மராத்தி, இந்தி என்று பல மொழிகளில் கூட்டங்கள் நடக்கின்றன.

கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாததால்தான் பலர் அஞ்சுகின்றனர். பள்ளி வகுப்பறை, தேவாலயக் கூடம், மருத்துவமனையின் ஓர் அறை என ஏதோ ஓரிடத்தில் பத்திருபது பேர் கூடுகிறார்கள். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வரை கூட்டம் நடக்கும். விரும்புபவர் தம் பெயரை மட்டும் சொல்லித் தம் அனுபவத்தைப் பேசுகிறார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கிறார்கள். புதியவர் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. உறுப்பினராவதற்கு ஒரே நிபந்தனை, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் இல்லை, வெளியார் நன்கொடையும் ஏற்பதில்லை, உறுப்பினர்கள் தாமே போடும் காசில் வாடகையும் தேநீரும் நடக்கின்றன. அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை. வாழ்நாள் முழுவதும் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமலிருப்போம் என்பதே இலக்கு. மூத்த உறுப்பினர் ஒருவர் புதியவருக்கு வழித்துணையாக இருப்பார். நள்ளிரவில் ஆசை கிளர்ந்தாலும் அவரைத் தொலைபேசியில் அழைக்கலாம்.

இதனால் பலன் உண்டா? 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களை ஆராய்ந்தது. இத்தகைய கூட்டங்களோடு முறையாக இணைக்கப்பட்டவர்களில் 42 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பின் முழுமையாகக் குடியின்றி இருந்தனர். மற்ற நிலைபெற்ற சிகிச்சைகளில் அது 35 சதவீதம். அற்புதம் எதுவும் இங்கே இல்லை. சறுக்குபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் காசு கேட்காத ஒரு முறை, காசு கேட்கும் முறைகளுக்குச் சளைத்ததல்ல என்பது உறுதியாகிறது. சறுக்கியவருக்கும் மறுநாள் கூட்டத்தின் கதவு திறந்தே இருக்கிறது.

முகவரியைக் கண்டுபிடிப்பது எப்படி?

இனி நடைமுறை. உங்கள் பகுதியில் கூட்டம் எங்கே நடக்கிறது என்று அறிய ஐந்து வழிகள் உள்ளன.

முதலாவது, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்குள்ள மருத்துவரும் சமூகப் பணியாளரும் அருகிலுள்ள கூட்டங்களை அறிந்திருப்பார்கள். சில மருத்துவமனைகளின் வளாகத்திலேயே கூட்டம் நடப்பதுண்டு. இரண்டாவது, சமூக நீதி அமைச்சகத்தின் போதை மீட்புக்கான இலவச எண் 14446. மன உளைச்சல் அதிகமெனில் டெலி மானஸ் எண் 14416. மூன்றாவது, மும்பையில் உள்ள ஏ.ஏ. பொதுச் சேவை அலுவலகமும் பெருநகரங்களில் உள்ள அதன் உதவித் தொலைபேசிகளும். ஊரையும் மொழியையும் சொன்னால் கிழமையும் நேரமும் கிடைக்கும். நான்காவது, தேவாலயங்கள், சமூகக் கூடங்கள் ஆகியவற்றின் அறிவிப்புப் பலகைகள். ஐந்தாவதும் மிகச் சிறந்ததும், ஏற்கெனவே மீண்ட ஒரு மனிதர். ஒவ்வொரு ஆலையிலும் பணிமனையிலும் அத்தகைய ஒருவராவது இருப்பார். அவர் சம்மதித்தால் அவரையே துணைக்கு அனுப்புங்கள்.

முகவரி கிடைத்ததும் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது? கிழமையும் நேரமும் அவருடைய ஷிப்டுக்குப் பொருந்துமா? கடைசிப் பேருந்து எப்போது? அது குடிநோயாளிகள் மட்டும் கலந்துகொள்ளும் மூடிய கூட்டமா, குடும்பத்தாரும் மற்றவர்களும் வரக்கூடிய திறந்த கூட்டமா? முதல்முறை தனியாக அனுப்பாமல் ஒருவர் உடன் செல்லுங்கள். மூடிய கூட்டமெனில் வாசல்வரை சென்று காத்திருங்கள். முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால், வேறு ஒரு குழுவின் கூட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு குழு இன்னொன்றைப் போல இருக்காது. தொடக்கத்தில் 90 நாட்களில் 90 கூட்டங்கள் என்பது அங்கே வழங்கும் அறிவுரை. அது முடியாவிட்டாலும், அடிக்கடி செல்வதே தொடக்க மாதங்களில் பாதுகாப்பு.

புலம்பெயர் தொழிலாளர்களின் நிலை வேறு. ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்து வேற்று மொழி மாநிலத்தில் கட்டுமான முகாமில் இருப்பவருக்கு அருகிலுள்ள கூட்டத்தின் மொழி புரியாது. அவர் கைபேசி வழியே தம் தாய்மொழிக் கூட்டத்தில் சேரலாம். பெண்களுக்கோ தடை இன்னும் அதிகம். தேயிலைத் தோட்டங்களிலும் பழங்குடிப் பகுதிகளிலும் பெண்களும் குடிநோய்க்கு ஆளாகின்றனர். ஆண்கள் நிறைந்த அறைக்குள் செல்லத் தயங்குகின்றனர். மகளிர் கூட்டம் உள்ளதா என்று கேட்டறிய வேண்டியது நம் பொறுப்பு.

கூட்டமே இல்லாத ஊரில்? அந்த இயக்கத்தின் மரபின்படி, குடியை விடும் நோக்கத்துடன் இரண்டு மூன்று பேர் கூடினாலே அது ஒரு குழு. ஆக்ரனில் தொடங்கியபோது இருந்ததும் இருவரே.

கடவுள் பற்றிய கேள்வி

தோழர்கள் பலர் எழுப்பும் கேள்வி இது. ஏ.ஏ.யின் 12 படிகளில் நம்மிலும் மேலான ஒரு சக்தி, நாம் புரிந்துகொண்ட கடவுள் என்ற சொற்கள் வருகின்றன. பொருள்முதல்வாதி ஒருவர் அங்கே எப்படி அமர முடியும்?

அந்த இயக்கம் 1939இல் வெளியிட்ட நூலிலேயே கடவுள் நம்பிக்கையில் ஐயம் கொண்டோருக்கென ஓர் அத்தியாயம் எழுதப்பட்டது. இந்தக் கேள்வி தொடக்கம் முதலே அவர்களிடையே இருந்தது என்பதற்கு அதுவே சான்று. அந்தப் பதில் நமக்குப் போதுமானதாக இல்லாமல் போகலாம். ஆனால் நடைமுறையில், கடவுள் நம்பிக்கையற்ற பல உறுப்பினர்கள் மேலான சக்தி என்பதற்குக் கூட்டத்தையே பொருளாகக் கொள்கிறார்கள். தனியொருவனாக முடியாததைக் கூட்டாகச் செய்ய முடியும் என்ற கருத்து, தொழிற்சங்கத்தில் வளர்ந்தவருக்கு அந்நியமானதா என்ன? வழிபாட்டு வாசகத்தின்போது மௌனமாக இருப்பதற்கு எவரும் தடை சொல்வதில்லை. அதுவும் ஒவ்வாதவருக்கு மருத்துவமனைகளின் குழு ஆலோசனைகள் உண்டு.

சார்பு நிலையை இன்னும் எட்டாமல், தீங்கு நேரும் அளவுக்குக் குடிப்பவர்களுக்கு வேறு வழியும் உள்ளது. கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அத்தகையவர்களோடு அதிகபட்சம் 4 அமர்வுகள் பேசினர். 3 மாதங்களுக்குப் பின் அவர்களில் 36 சதவீதத்தினர் அபாய நிலையிலிருந்து விடுபட்டிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 26 சதவீதம். 2017இல் லான்செட் இதழில் வெளியான இந்த முடிவு, ஒவ்வொரு ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் ஓர் ஆலோசகரை நியமி என்ற கோரிக்கைக்கு வலுவான ஆதாரம்.

இதற்கு மாறாக இன்னொரு தவறும் நேரக்கூடும். நம் முயற்சியில் உருவான கூட்டத்தை நம் அமைப்பின் கிளையாக்கிவிட வேண்டும் என்ற ஆசை அது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1840இல் ஆறு குடிகாரர்கள் கூடித் தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கம் வெகுவேகமாகப் பரவியது. மதுவிலக்கு அரசியல் சச்சரவுகளில் சிக்கிச் சில ஆண்டுகளில் கலைந்தது. ஏ.ஏ. எந்த வெளி விவகாரத்திலும் கருத்துச் சொல்வதில்லை என்று விதித்துக்கொண்டதை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ள வேண்டும். அந்த அறையில் வேறு சங்கத்தவரும் இருப்பார், மேற்பார்வையாளரும் இருப்பார். அங்கே கொடிகள் வேண்டாம். போராட்டத்துக்கு வேறு இடங்கள் இருக்கின்றன.

குடும்பத்துக்கும் ஒரு கூட்டம்

குடிநோயாளியின் மனைவி, கணவர் குடிப்பதற்குத் தான்தான் காரணம் என்ற பழியைச் சுமந்து வாழ்கிறார். கடனை மறைக்கிறார், மேலாளரிடம் பொய் சொல்கிறார், அடியையும் மறைக்கிறார். 1951இல் பில் வில்சனின் துணைவி லோயிஸ் முன்னின்று தொடங்கிய அல்-அனான், குடும்பத்தினருக்கான தனிக் கூட்டம். குடிப்பவர் வர மறுத்தாலும் குடும்பத்தினர் செல்லலாம். நீங்கள் இதற்குக் காரணமும் அல்ல, உங்களால் இதைக் கட்டுப்படுத்தவும் முடியாது என்பதே அங்கே அவர் கேட்கும் முதல் செய்தி. அதே வேளையில் வன்முறை இருக்குமிடத்தில் கூட்டம் மட்டும் போதாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, மாதர் அமைப்புகளின் துணை ஆகியவற்றை நாடுவதில் தயக்கம் கூடாது. குடிநோய் என்பது அடிப்பதற்கான உரிமம் அல்ல.

கூட்டமும் போராட்டமும்

இவ்வளவும் கேட்ட பிறகு, தனிமனிதர்களைத் திருத்தும் வேலையில் இறங்கினால் மது வணிகத்துக்கு எதிரான போராட்டம் பின்னுக்குப் போகாதா என்று சிலர் கேட்கலாம். நமது நாட்டின் அனுபவம் வேறு விதமாக இருக்கிறது.

சத்தீஸ்கரின் தல்லி ராஜஹராவில், பிலாய் உருக்காலையின் இரும்புத் தாதுச் சுரங்கங்களில் உழைத்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1977இல் சங்கர் குஹா நியோகியின் தலைமையில் சங்கம் அமைத்தனர். போராடி ஊதியத்தை உயர்த்தினர். உயர்ந்த ஊதியம் மதுக்கடைக்குப் போவதைக் கண்ட சங்கம், பெண் தொழிலாளர்களை முன்னிறுத்தி மதுவுக்கு எதிரான இயக்கத்தைத் தன் வேலைத்திட்டத்திலேயே சேர்த்தது. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த தோழர்களின் நினைவாக 1983இல் ஷஹீத் மருத்துவமனையையும் கட்டியது. ஊதியம், மது, மருத்துவம் மூன்றையும் அவர்கள் தனித்தனிப் பிரச்சினைகளாகப் பார்க்கவில்லை.

ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1992இல், எழுத்தறிவு வகுப்புக்கு வந்த கிராமப் பெண்கள் துபகுண்டாவில் சாராயக் கடையை மூடவைத்தனர். அந்தப் போராட்டம் மாநிலம் முழுவதும் பரவி, 1993இல் சாராயத் தடையையும் 1995இல் முழு மதுவிலக்கையும் கொண்டுவந்தது. 1997இல் வருவாயைக் காரணம் காட்டி மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. கடை திரும்ப வந்தபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் மீட்சிக்கான ஏற்பாடு எங்கெல்லாம் வேர்கொள்ளவில்லையோ அங்கெல்லாம் பழைய துயரமும் திரும்பி வருவது இயல்பு.

பீகாரில் 2016 முதல் மதுவிலக்கு உள்ளது. பெண்களின் கோரிக்கை அதன் பின்னால் இருந்தது. ஆனால் குடித்தவரையே குற்றவாளியாக்கிய சட்டத்தின் சுமை பெரும்பாலும் ஏழைகள் மீது விழுந்தது. முதல்முறை பிடிபட்டவர் அபராதம் செலுத்தி விடுபடலாம் என்று 2022இல் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச் சாராயம் பலரைக் கொன்றது. மதுவிலக்கு இல்லாத அசாமிலும் 2019 பிப்ரவரியில் கோலாகாட், ஜோர்காட் மாவட்டங்களில் 150க்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்தால் மடிந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். கடை மூடப்பட்டாலும் திறந்திருந்தாலும், நோயாளியைக் கவனிக்க ஆளில்லாத இடத்தில் மரணம் மலிவாகக் கிடைக்கிறது.

சங்கம் செய்யக்கூடியவை

ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலுள்ள கூட்டங்களின் இடம், கிழமை, நேரம், மொழி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைச் சரிபார்க்க வேண்டும். யார் படித்தார் என்று யாரும் கேட்கக் கூடாது. உறுப்பினர் ஒருவர் நம்பிச் சொன்னது கிளைக் கூட்டத்தின் விவாதப் பொருளாகக் கூடாது.

நிர்வாகத்திடம் பேச வேண்டியவையும் உள்ளன. தொடர்ந்து பணிக்கு வராமல் இருந்ததைக் காட்டித்தான் குடிநோயாளிகள் பலர் வேலை நீக்கம் செய்யப்படுகின்றனர். விசாரணை நிலையிலேயே சங்கம் தலையிட்டு, சிகிச்சைக்கான விடுப்பும், திரும்பி வந்தால் பணிப் பாதுகாப்பும் வேண்டும் என்று வாதிட வேண்டும். ஒப்பந்தத்தில் அதை ஒரு பிரிவாகவே சேர்க்க வேண்டும். கூட்டம் நடக்கும் நாளில் ஷிப்டு மாற்றிக் கொடுப்பதற்கு நிர்வாகத்துக்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை. கூட்டம் நடத்த இடமில்லையெனில் சங்கக் கட்டிடத்தின் ஓர் அறையைச் சிறு வாடகைக்குக் கொடுக்கலாம். வாடகை வாங்குங்கள், சொந்தக் காலில் நிற்பது அவர்களின் மரபு.

அரசிடம் கேட்க வேண்டியது, கலால் வருவாயில் ஒரு குறிப்பிட்ட பங்கை மீட்சிக்கென்று ஒதுக்கு என்பது. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் குடிநோய்க்கான படுக்கைகள், மருந்துகள், ஆலோசகர்கள் வேண்டும். 38 பேரில் ஒருவர் என்ற கணக்கை மாற்றுவதற்கான கோரிக்கை இது.

கடைசியாக, நமது சொந்த நடத்தை. நிறுத்திய ஒருவரிடம், "இன்று ஒரு நாள் மட்டும் எங்களோடு" என்று குவளையை நீட்டுபவர் பெரும்பாலும் நண்பராகவே இருக்கிறார். ஒப்பந்தம் கையெழுத்தானதும், மாநாடு முடிந்ததும் மதுவோடு கொண்டாடும் பழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதை நிறுத்துங்கள். சறுக்கித் திரும்பி வந்தவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்த கூட்டம் எந்தக் கிழமை, நானும் வரட்டுமா?

ஊர் திரும்பியதும் உங்கள் பகுதியின் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்குங்கள். அடுத்த மாத அறிக்கையோடு அதையும் இணைத்து அனுப்புங்கள்.